அப்டேட் ஏறாத லேப்டாப்: 100% டிஸ்க்கில் தொடங்கி 0எக்ஸ்80070643 வரை

அக்கா வீட்டு லேப்டாப்பில் கடைசியாக எல்லா அப்டேட்டும் ஏறி முடிந்திருக்கிறது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கோளாறுகள் இருந்தன. ஒன்றைத் தீர்த்த பிறகுதான் அடுத்தது வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இணையத்தில் பத்து வழி கிடைக்கிறது, ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, எனக்கு நேரம் போனதெல்லாம் அதில்தான். இதே மாதிரி பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மெஷின் 2018-இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-6006யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் (5400 ஆர்பிஎம்), விண்டோஸ் 10 ஹோம். வாங்கிய இடத்திலேயே சி டிரைவ் 180 ஜிபி, மீதி எல்லாம் டி டிரைவ் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அக்கா இதில் டாலி வைத்து சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறாள். மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது இந்த லேப்டாப் நின்றால் அவள் வேலையே நின்றுவிடும். அதனால் எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் டாலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன். இதை மட்டும் ஆரம்பத்திலிருந்தே சரியாகச் செய்தேன்.

வின்வர் அடித்துப் பார்த்தால் பதிப்பு 21எச்2 என்று வந்தது. ஹோம் எடிஷனில் அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 ஜூன் 13-உடன் முடிந்துவிட்டது. அதாவது அதற்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இந்த மெஷினுக்கு வரவில்லை, ஆனால் இதிலிருந்துதான் பேங்க் சைட்டும் ஜிஎஸ்டி சைட்டும் திறக்கப்படுகின்றன. சர்வீசஸ் ஜன்னலைத் திறந்தேன். 'விண்டோஸ் அப்டேட்' சர்வீஸ் டிஸேபிள் ஆகியிருந்தது. எப்போதோ ஸ்லோவாக இருக்கிறது என்று ஒரு டெக்னீஷியனிடம் காட்டியிருக்கிறார்கள், அவர் அப்டேட்டையே நிறுத்தி வைத்து, இனி வேகமாக இருக்கும் என்று கொடுத்துவிட்டார். இது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்ய விடாதீர்கள். லேப்டாப் ஏன் மெதுவாக இருக்கிறது என்று அவர் பார்த்திருந்தால் ஹார்டு டிஸ்க் பிரச்சினை அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சர்வீஸை 'மேனுவல்' ஆக்கினேன், அதுதான் அதன் இயல்பான நிலை. ஸ்டார்ட் கொடுத்ததும் அப்டேட் தேட ஆரம்பித்தது. டவுன்லோடு ஓடட்டும் என்று விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

அப்புறம் அக்காவிடமிருந்து போன். "டேய், சாயங்காலம் ஆஃப் பண்ணப் போனேன், சாப்பிட்டு வந்து பார்த்தாலும் 30 பர்சென்ட்லயே நிக்குதுடா. ஒயரைப் பிடுங்கிடட்டுமா?" பிடுங்காதே அக்கா, விடிய விடிய ஆனாலும் விடு என்று சொன்னேன். நடுவில் கரண்ட் போனது. பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்ததால் லேப்டாப் அணைந்தது. மறுபடி போட்டதும் 'அண்டூயிங் சேஞ்சஸ்' என்று செய்ததை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய நிலைக்கே வந்து நின்றது. மீண்டும் முயன்றபோது 0எக்ஸ்80073712 என்ற எரர். விண்டோஸ் தன்னுடைய பாகங்களைச் சேமித்து வைத்திருக்கும் களஞ்சியம், அதாவது வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர், பழுதாகியிருக்கிறது என்பதற்கான எண் அது.

நேரில் போய் உட்கார்ந்தேன். முதலில் எல்லோரும் சொல்கிற வைத்தியத்தைச் செய்தேன்: அப்டேட் சர்வீஸ், பின்னணியில் டவுன்லோடு செய்யும் பிட்ஸ் சர்வீஸ் இரண்டையும் நிறுத்திவிட்டு, டவுன்லோடு ஆன அப்டேட்கள் சேரும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, மறுபடி ஸ்டார்ட். இது டவுன்லோடு பாதியில் கெட்டுப்போன நிலைமைக்குத்தான் உதவும். இங்கே டவுன்லோடு நன்றாகவே முடிந்திருந்தது, இன்ஸ்டால்தான் விழுந்தது. ஃபோல்டரை மாற்றியதால் கிடைத்ததெல்லாம் எல்லாவற்றையும் முதலிலிருந்து டவுன்லோடு செய்யும் வேலை. அக்கா வீட்டில் இன்டர்நெட் என்பது மாமாவின் போன் ஹாட்ஸ்பாட், தினம் 1.5 ஜிபி பிளான். மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்தது. எரர் டவுன்லோடிலா, இன்ஸ்டாலிலா என்று அப்டேட் ஹிஸ்டரியில் பார்க்காமல் அந்த ஃபோல்டரைத் தொடாதீர்கள்.

அடுத்து விண்டோஸ் தன்னையே சரிசெய்துகொள்ளும் இரண்டு கமாண்டுகள்: எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ், பிறகு டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த். டிஸ்ம் 62.3 சதவீதத்தில் நின்றது. அந்த இடத்தில் நெடுநேரம் நிற்பது பல மெஷின்களில் வழக்கம்தான், அதனால் பயப்படாமல் காத்திருந்தேன். ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்ததில்தான் விஷயம் புரிய ஆரம்பித்தது. டிஸ்க் 100%. வேகம் என்று பார்த்தால் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' 2,000, 3,000 மில்லிசெகண்ட் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிறு துண்டைப் படிக்க டிஸ்க் இரண்டு, மூன்று நொடி எடுக்கிறது என்று அர்த்தம். 5400 ஆர்பிஎம் டிஸ்க் பழையதானாலும் இவ்வளவு மோசமாக இருக்காது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். நீல நிறத்தில் 'குட்' என்று வர வேண்டிய இடத்தில் மஞ்சளாக 'காஷன்'. சி5 வரியில், அதாவது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்), 18 என்று இருந்தது. அந்த மென்பொருள் இயல்பாக ஹெக்ஸ் (பதினாறின் அடிப்படையிலான) எண்ணில் காட்டும், நம் கணக்கில் அது 24. வேகத்தை அளக்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க்கில் வரிசையாகப் படிக்கும் வேகம் நொடிக்கு 92 எம்பி, அது பரவாயில்லை. ஆனால் 4கே ரேண்டம், அதாவது சின்னத் துண்டுகளை அங்கங்கே படிக்கும் வேகம், 0.41 எம்பி. விண்டோஸ் அப்டேட்டுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். ஒரு கியூமுலேட்டிவ் அப்டேட் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் பிரித்து, பழையதோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக மாற்றி வைப்பது. டிஸ்க்கின் முள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓட வேண்டும். அதே நேரத்தில் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அந்த ஃபைல்களைச் சோதிக்கும். 4 ஜிபி ரேம் போதாமல், ரேமில் அடங்காததை வைக்கும் பேஜ்ஃபைலிலும் விண்டோஸ் அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். இவ்வளவும் 0.41 எம்பி வேகத்தில், நடுவில் படிக்கவே முடியாத 24 செக்டரோடு. இதில் எந்த அப்டேட் ஏறும்?

அதோடு மென்பொருள் வைத்தியத்தை நிறுத்திவிட்டேன். டிஸ்க்கைச் சோதிப்பதற்கு முன்பே எஸ்எஃப்சியும் டிஸ்மும் ஓட்டியது தவறான வரிசை. சாகப் போகிற டிஸ்க்கை இன்னும் கசக்கிப் பிழிவதுதான் அது. ஐந்து நிமிடம் பிடிக்கிற அந்தச் சோதனையை முதலிலேயே செய்திருக்கலாம்.

வாங்கியவை: 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ரூ.1,750, 4 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் ரூ.950, யூஎஸ்பி–சாட்டா கேபிள் ரூ.380. ரேம் வாங்கும் முன் சிபியு-இசட் போட்டு டிடிஆர்3எல்-ஆ, டிடிஆர்4-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள், இந்த ப்ராசஸர் இரண்டு வகையிலும் வந்திருக்கிறது.

டி டிரைவில் இருந்த போட்டோக்கள், பழைய பில் ஸ்கேன் எல்லாம் சேர்த்து 96 ஜிபி, என்னுடைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் முதலில் காப்பி எடுத்தேன். பிறகு எஸ்எஸ்டியைக் கேபிளில் மாட்டி, அதை விற்கும் கம்பெனியே தரும் இலவச குளோனிங் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும்) மென்பொருளில் டி-யை மட்டும் விட்டுவிட்டு மற்ற பார்ட்டிஷன்களுக்கு டிக் போட்டேன். பாதி தூரத்தில் ரீட் எரர் என்று நின்றுவிட்டது. அந்தக் கெட்ட செக்டர்களில் ஒன்று சி டிரைவின் உள்ளே. டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் சிஎச்கேடிஎஸ்கே கமாண்டை /ஆர் போட்டு இரவு முழுவதும் ஓட விட்டேன். லேப்டாப்பை இந்த முறை இன்வெர்ட்டர் பாயிண்டில் சொருகியிருந்தேன். காலையில் முடிந்திருந்தது, குளோனும் அதற்குப் பின் ஒழுங்காக ஓடியது. இந்த /ஆர் ஓட்டம் கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குக் கனமான வேலை, காப்பி எடுக்காமல் அதை ஆரம்பிக்கவே கூடாது.

கழற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் 11 ஸ்க்ரூ, அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. பிஎச்0 ஸ்க்ரூடிரைவர், மூடியை நெம்ப ஒரு காலாவதியான ஏடிஎம் கார்டு. திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. ஹார்டு டிஸ்க்கின் தகரச் சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ரேமைக் காலியான ஸ்லாட்டில் செருகி மூடினேன். பழைய டிஸ்க்கை உடனே கேபிளில் மாட்டிப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். குளோன் செய்தபின் இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருக்கலாம், விண்டோஸ் குழம்பும். எஸ்எஸ்டியிலிருந்து தனியாக பூட் ஆகிறதா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பூட் ஆனது. முன்பு டெஸ்க்டாப் வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும், இப்போது 22 நொடி. 4கே ரேண்டம் 0.41-லிருந்து 28 எம்பிக்குப் போயிருந்தது.

இப்போது அதே டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த். அதே 62.3-இல் கொஞ்சம் நின்றது, ஆனால் 11 நிமிடத்தில் முடித்துவிட்டது. பின்னாலேயே எஸ்எஃப்சி, அது சில ஃபைல்களைச் சரிசெய்ததாகச் சொன்னது. டிஸ்ம் களஞ்சியத்தைச் சரிசெய்யும், எஸ்எஃப்சி அந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்து ஓடுகிற விண்டோஸைச் சரிசெய்யும், ஆகவே டிஸ்ம் முதலில். 0எக்ஸ்80073712 அதன் பிறகு வரவே இல்லை. 21எச்2-விலிருந்து 22எச்2-வுக்குப் போவது எதிர்பார்த்ததைவிட மிகச் சுலபம். இரண்டுக்கும் அடிப்படை ஃபைல்கள் ஒன்றே, ஒரு சிறிய பேக்கேஜ் வந்து திறந்துவிடுகிறது, ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். அந்த மாதக் கியூமுலேட்டிவ் அப்டேட் 14 நிமிடத்தில் ஏறியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் சிவப்பு எழுத்தில் கேபி5034441, எரர் 0எக்ஸ்80070643. ரீட்ரை கொடுத்தால் மறுபடி அதே.

இது 2024 ஜனவரி 9 அன்று வந்த அப்டேட். மாத அப்டேட்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் அமெரிக்காவில் காலை வெளியாகும், நமக்கு அது இரவு 10:30 அல்லது 11:30, அதனால் இங்கே புதன்கிழமைதான் எல்லோரும் கவனிப்போம். விண்டோஸ் ஓடாதபோது பழுதுபார்க்க உதவும் ரெக்கவரி சூழலை, வின்ஆர்இ என்பார்கள், அதைத்தான் இது புதுப்பிக்கிறது. லேப்டாப் கைக்குக் கிடைத்த ஒருவர் அந்த ரெக்கவரி வழியாக பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைத் தாண்டிவிட முடியும் என்ற ஓட்டையை அடைப்பதற்காக வந்தது. ஏற வேண்டுமானால் ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் தேவை என்று மைக்ரோசாஃப்ட்டின் குறிப்பிலேயே இருக்கிறது. இடம் போதவில்லை என்று காட்ட வேண்டிய எரருக்குப் பதிலாகப் பொதுவான 0எக்ஸ்80070643 தெரியலாம் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் தேடினால் டாட்நெட் ரிப்பேர் என்று வேறு எங்கோ கொண்டுபோய் விடும். நானும் சிறிது நேரம் அந்தப் பக்கம் போய்த் திரும்பினேன்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் இரண்டு ரெக்கவரி பார்ட்டிஷன். முதலில் 499 எம்பி, சி-க்குப் பின்னால் 508 எம்பி. இரண்டுக்கும் நேராக '100% ஃப்ரீ' என்று இருந்தது. அப்படியானால் இடம் இருக்கிறதே, பிறகு ஏன் எரர்? இந்த இடத்தில் நிறைய பேர் சிக்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். டிரைவ் எழுத்து இல்லாத இந்தப் பார்ட்டிஷன்களுக்கு அந்த ஜன்னல் காட்டும் அளவை நம்ப முடியாது. பவர்ஷெல்லில் கெட்-வால்யூம் அடித்தபோதுதான் உண்மையான கணக்கு வந்தது: 508-இல் காலி 71 எம்பி. வின்ஆர்இ-யைக் கையாளும் கமாண்டான ரீஏஜென்ட்சி-யில் /இன்ஃபோ அடித்தால் எது பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும், இங்கே ஐந்தாவது பார்ட்டிஷன், அதாவது 508. முன்னால் இருக்கும் 499 முதல் இன்ஸ்டாலில் உருவானது, பிறகு வந்த ஏதோ ஒரு பெரிய அப்டேட் அது போதாமல் பின்னால் புதிதாக ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நான் செய்த குளோன் இரண்டையும் அதே அளவில் அப்படியே கொண்டுவந்திருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி சி-யை 250 எம்பி சுருக்கி, ரெக்கவரியை அழித்து, பெரிதாக மறுபடி உருவாக்குவது. என் நிலைமையில் சுருக்கவே தேவையில்லை, எஸ்எஸ்டியின் கடைசியில் ஏறக்குறைய 57 ஜிபி யாருக்கும் ஒதுக்காமல் கிடந்தது. சி-யைப் பெரிதாக்கலாம் என்றால் நடுவில் இந்த 508 எம்பி பார்ட்டிஷன் மறித்துக்கொண்டு இருந்தது. ஆக இரண்டு வேலையும் ஒரே தடவையில் முடியும்.

செய்தது இப்படி. கமாண்ட் ப்ராம்ட்டை அட்மினாகத் திறந்து ரீஏஜென்ட்சி /டிஸேபிள். இது ரெக்கவரி இமேஜை, வின்ஆர்இ.விம் என்ற ஃபைலை, சி-யில் சிஸ்டம்32-க்குள் இருக்கும் ரெக்கவரி ஃபோல்டருக்கு நகர்த்தும். அந்த ஃபைல் அங்கே வந்துவிட்டதா என்று டிஐஆர் /ஏ கொடுத்துக் கண்ணால் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள், இல்லாவிட்டால் அழித்தபின் திரும்ப வைக்க ஒன்றும் இருக்காது. இருந்தது. அப்புறம் பார்ட்டிஷன்களை மாற்றும் டிஸ்க்பார்ட் கமாண்ட், டிஸ்க் 0, பார்ட்டிஷன் பட்டியல். அழிக்கப் போவது ஐந்தாவதுதானா என்று அளவோடு சேர்த்துப் பார்த்து, டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு. நான்காவதை, அதாவது சி-யை, தேர்வு செய்து எக்ஸ்டெண்ட் சைஸ்=58200. கடைசியில் 1 ஜிபிக்குக் கொஞ்சம் கூடுதலாக மீந்தது. அதில் புதிய பார்ட்டிஷன். ரெக்கவரி வகை என்று குறிக்கும் நீளமான ஐடியையும் ஜிபிடி ஆட்ரிபியூட் எண்ணையும் மைக்ரோசாஃப்ட்டின் கேபி5028997 உதவிக் குறிப்பிலிருந்து அப்படியே காப்பி செய்து ஒட்டினேன். கையால் அடிக்க வேண்டாம், ஓர் எழுத்து மாறினாலும் அது சாதாரண டிரைவாக எக்ஸ்ப்ளோரரில் வந்து உட்காரலாம். என்டிஎஃப்எஸ் குயிக் ஃபார்மேட், வெளியே வந்து ரீஏஜென்ட்சி /எனேபிள், மறுபடி /இன்ஃபோ. 'எனேபிள்டு' என்று வந்தது. உங்கள் மெஷினில் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால் இதற்கெல்லாம் முன்பே ரெக்கவரி கீயைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் அது ஆஃப்.

ரீட்ரை கொடுத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் கேபி5034441 ஏறியது, ரீஸ்டார்ட்கூடக் கேட்கவில்லை. ஷிஃப்ட் அழுத்தி ரீஸ்டார்ட் கொடுத்து நீலத்திரை மெனு வருகிறதா என்றும் பார்த்துவிட்டேன், வருகிறது.

வெறும் பகுதிகளுக்குச் செலவு ரூ.3,080. பிறகு பேட்டரிக்கு ரூ.1,900 போட்டேன், கரண்ட் போனால் அப்டேட் திரும்பிப் போகும் கதை மறுபடி வேண்டாம் என்று. மொத்தம் ரூ.4,980. ஆக்டிவ் ஹவர்ஸை, அதாவது அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தை, அக்காவின் வேலை நேரத்துக்கு ஏற்றபடி காலை 8 முதல் இரவு 10 வரை வைத்திருக்கிறேன். ஹாட்ஸ்பாட் இணைப்பை மீட்டர்டு (டேட்டா அளவோடு கிடைப்பது) என்று குறித்தேன், அதனால் மாதம் ஒருமுறை அவளே ஞாயிற்றுக்கிழமை டவுன்லோடு பொத்தானை அழுத்த வேண்டும். இது அவளுக்குப் பிடித்திருக்கிறது, எப்போது டேட்டா போகிறது என்று தெரிகிறதாம்.

அடுத்த மெஷினில் நான் மாற்றிச் செய்யப் போவது: முதலில் வின்வர், அப்டேட் ஹிஸ்டரி, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, டாஸ்க் மேனேஜரில் ரெஸ்பான்ஸ் டைம். டிஸ்க்கில் மஞ்சள் தெரிந்தால் எந்த ரிப்பேர் கமாண்டும் இல்லை, நேராக காப்பி, குளோன். குளோன் செய்யும்போதே ரெக்கவரியை 1 ஜிபியாகக் கடைசியில் வைத்துவிடுவேன், பாதி நாள் மிச்சம். குளோனா, புது இன்ஸ்டாலா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். களஞ்சியம் டிஸ்மில் சரியாகாமல் போயிருந்தால் புது இன்ஸ்டால்தான் செய்திருப்பேன், ஆனால் அப்போது டாலி லைசென்ஸ், பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றையும் திரும்ப அமைத்துக் கொடுக்க வேண்டும், ரிட்டர்ன் தேதிக்குப் பக்கத்தில் அந்த ரிஸ்க் வேண்டாம் என்று விட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, இது ஆறாம் தலைமுறை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், வைஃபையும் பிரின்டரும் உடனே வேலை செய்தன. டாலி விண்டோஸுக்கானது என்பதுதான் தடை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓடுமா என்று பழைய ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, ஒரு கம்பெனியின் பழைய ஆண்டு டேட்டாவின் காப்பியை மட்டும் வைத்து அடுத்து சோதிக்கப் போகிறேன். சோதனைக்கு அந்த டிஸ்க் போதும், அதில் அசல் எதையும் வைக்க மாட்டேன்.